சென்னையில் நல்ல அரசு மேல்நிலைப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது எப்படி? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்கலாம் என்று முடிவெடுத்துவிட்டு, "எந்தப் பள்ளி?" என்ற கேள்வியில் நிற்கும் சென்னைப் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். தனியார் பள்ளியா அரசுப் பள்ளியா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இதில் சில தகவல்கள் உதவும்.

எந்த வகுப்பில் தேட ஆரம்பிக்க வேண்டும்?

ஐந்தாம் வகுப்பில். பெரும்பாலானவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த பிறகுதான் நல்ல மேல்நிலைப் பள்ளியைத் தேடுகிறார்கள். தமிழ்நாட்டில் அது ஐந்து ஆண்டுகள் தாமதம். காரணம், அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கிடைக்கும் பெரிய சலுகைகள் பலவும் "ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்" என்ற ஒரே நிபந்தனையில் நிற்கின்றன. பிளஸ் ஒன்னில் வந்து சேரும் பிள்ளை எவ்வளவு நன்றாகப் படித்தாலும் விடுபட்ட அந்த ஆண்டுகளைத் திரும்பப் பெற முடியாது.

இன்னொன்று. உயர்நிலைப் பள்ளி என்றால் பத்தாம் வகுப்பு வரை. மேல்நிலைப் பள்ளி என்றால் பன்னிரண்டு வரை. ஆறாம் வகுப்பிலேயே மேல்நிலைப் பள்ளியில் சேர்த்துவிட்டால், பத்தாம் வகுப்பு முடிந்ததும் மே மாத வெயிலில் விண்ணப்பத்தோடு நான்கைந்து பள்ளிகளுக்கு அலைய வேண்டாம். தங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு இடம் கொடுத்த பிறகுதான் வெளியிலிருந்து வருபவர்களைப் பல பள்ளிகள் பார்க்கின்றன.

அந்த 7.5 சதவீத ஒதுக்கீடு என்ன? யாருக்குக் கிடைக்கும்?

நீட் தேர்வில் தகுதி பெற்ற அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவம், பல் மருத்துவம், சித்த மருத்துவம் உள்ளிட்ட இந்திய மருத்துவ முறைகள், ஓமியோபதி ஆகியவற்றில் 7.5% இடங்களை ஒதுக்கித் தமிழ்நாடு அரசு 2020-இல் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மருத்துவக் கல்லூரிக்குப் போன அரசுப் பள்ளி மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே அது நூற்றுக்கணக்காக மாறியது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இதே ஒதுக்கீடு வந்தது. இந்த இடத்தில் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கிண்டி பொறியியல் கல்லூரியில் ஓர் இடம், செலவில்லாமல்! ஆட்டோ ஓட்டுபவருக்கும் வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவுக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

தகுதி பெற ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஒரே பள்ளியாக இருக்க வேண்டும் என்பதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியின் 25% இடத்தில் சேர்ந்து எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் இதில் வருவார்கள். அந்த வழியில் பிள்ளையைச் சேர்த்தவர்கள் எட்டாம் வகுப்பு முடியும்போது ஒரு முறை உட்கார்ந்து யோசியுங்கள்.

கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை என்ற கணக்கையே பார்க்கின்றன. இவை இரண்டும் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. 7.5% அவர்களுக்குக் கிடையாது.

எது அரசுப் பள்ளி, எது இல்லை? பெயரைப் பார்த்தால் புரியவில்லையே?

புரியாதுதான். சென்னையில் பள்ளிக்கல்வித் துறை நடத்தும் அரசுப் பள்ளிகள் உண்டு: எழும்பூர் பிரசிடென்சி பெண்கள் பள்ளி, திருவல்லிக்கேணி லேடி வெலிங்டன் பள்ளி, அசோக் நகர் அரசு மகளிர் பள்ளி போன்றவை. மாநகராட்சி நடத்தும் பள்ளிகள் வேறு. அவற்றின் பெயர்ப் பலகையில் "சென்னை மேல்நிலைப் பள்ளி", "சென்னை பெண்கள் மேல்நிலைப் பள்ளி" என்று இருக்கும். இந்த இரண்டு வகையும் 7.5% கணக்கில் வரும். ஆதிதிராவிடர் நலத் துறைப் பள்ளிகளும் வரும்.

பலர் ஏமாறுவது அரசு உதவிபெறும் பள்ளிகளில்தான். ஆசிரியருக்கு அரசுதான் சம்பளம் கொடுக்கிறது, மதிய உணவு உண்டு, பாடநூல் இலவசம். அதனால் "கவர்ன்மென்ட் ஸ்கூல்" என்றே அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். நகரின் பழைய, பெயர்பெற்ற பள்ளிகள் பல இந்த வகை. 1983-இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் படித்த திருவல்லிக்கேணி இந்து மேல்நிலைப் பள்ளியும் உதவிபெறும் பள்ளிதான். இவற்றில் பல நல்ல பள்ளிகளே. ஒதுக்கீட்டுக்கு மட்டும் கணக்கில் வராது என்று தெரிந்துகொண்டு சேருங்கள். அப்புறம், உதவிபெறும் பள்ளிக்குள்ளேயே கட்டணம் வாங்கும் சுயநிதிப் பிரிவு தனியாக இருக்கலாம். எந்தப் பிரிவில் இடம் தருகிறார்கள் என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேந்திரிய வித்யாலயா மத்திய அரசுடையது. அதுவும் மாநில ஒதுக்கீட்டில் வராது.

நன்கொடையாளர் பெயரும் குழப்பும். ஜெய்கோபால் கரோடியா என்ற பெயரில் அரசு மகளிர் பள்ளிகள் நகரில் சில இடங்களில் இருக்கின்றன. அதே பெயரில் தனியார் பள்ளியும் உண்டு. சந்தேகம் இருந்தால் ஒவ்வொரு பள்ளிக்கும் இருக்கும் அடையாள எண்ணான யூடைஸ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 11 இலக்கம், தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு 33 என்று தொடங்கும். அதை யூடைஸ் இணையதளத்தில் போட்டால் பள்ளியை நடத்துவது யார் என்று வந்துவிடும்.

தேர்ச்சி விகிதம் அதிகமாக இருந்தால் நல்ல பள்ளிதானே?

அதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். 2025 பிளஸ் டூ தேர்வில் மாநிலத் தேர்ச்சி 95.03%. அரசுப் பள்ளிகள் மட்டும் 91.94%. இவ்வளவு பேர் தேறும் தேர்வில் 93-க்கும் 97-க்கும் உள்ள வித்தியாசம் ஏழெட்டுப் பிள்ளைகளின் கதையாகத்தான் இருக்கும். பாடத்துக்கு 35 எடுத்தாலும் தேர்ச்சி, 95 எடுத்தாலும் தேர்ச்சி. கல்லூரிக்குத் தேவை இரண்டாவது.

நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் வேறு. போன ஆண்டு 600-க்கு 500-க்கு மேல் எத்தனை பேர்? கணிதத்தில் சராசரி எவ்வளவு? இதைவிட முக்கியமாக, இரண்டு ஆண்டுக்கு முன் பிளஸ் ஒன்னில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் பிளஸ் டூ தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர்? 120 பேர் சேர்ந்து 118 பேர் எழுதி, 108 பேர் தேறிய பள்ளியின் விகிதம் 91.5%. 120 பேர் சேர்ந்து 90 பேர் மட்டும் எழுதி, அத்தனை பேரும் தேறிய பள்ளி "நூறு சதவீதம்" என்று வாசலில் பேனர் கட்டும். நடுவில் காணாமல் போன 30 பிள்ளைகளைப் பற்றி அந்த பேனர் எதுவும் சொல்லாது. என் பிள்ளையை நான் முதல் பள்ளியில்தான் சேர்ப்பேன்.

பழையபடி "மாநிலத்தில் முதலிடம், மாவட்டத்தில் முதலிடம்" என்று ரேங்க் பட்டியல் வருவது 2017-இலேயே நின்றுவிட்டது. யாராவது தங்கள் பள்ளிக்கு அண்மையில் ரேங்க் கிடைத்ததாகச் சொன்னால் என்ன ரேங்க், யார் கொடுத்தது என்று கேளுங்கள்.

நேரில் போனால் எதைப் பார்ப்பது?

ஒரு வேலை நாளில், காலை மணி அடித்து அரை மணி நேரம் கழித்துப் போங்கள். விளையாட்டு விழா, ஆண்டு விழா அன்று போவதில் பயனில்லை. தலைமை ஆசிரியரிடம் சேர்க்கை விஷயமாக வந்திருப்பதாகச் சொன்னால் பெரும்பாலும் பார்க்க அனுமதிப்பார்கள்.

முதலில் வகுப்பறைக் கரும்பலகையின் ஓரத்தைப் பாருங்கள். தேதி, பாடம், அதன் கீழே "பதிவு", "வருகை" என்று இரண்டு எண்கள் எழுதியிருக்கும். பதிவு 46, வருகை 43 என்றால் நிம்மதி. பதிவு 46, வருகை 29 என்றால் அது பள்ளியைப் பற்றி எந்தப் புள்ளிவிவரத்தையும்விட அதிகம் சொல்கிறது. பிளஸ் டூ வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் பாருங்கள். பொதுத் தேர்வு வகுப்பை எல்லாப் பள்ளியும் கட்டிக் காக்கும், ஒன்பதாம் வகுப்பை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் நிர்வாகம் தெரியும். அந்த எண்களை இன்றைக்கு எழுதியிருக்கிறார்களா, போன வாரத் தேதியே நிற்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

அடுத்தது ஆய்வகம். பிளஸ் டூ அறிவியல் பாடங்களில் செய்முறைக்கு 20 மதிப்பெண், அகமதிப்பீட்டுக்கு 10. இந்த 30-ஐ எப்படியும் போட்டுவிடுவார்கள் என்ற எண்ணத்தில் ஆய்வகத்தைப் பிப்ரவரியில் மட்டும் திறக்கும் பள்ளிகள் உண்டு. பியூரெட், பிப்பெட் கழுவிக் காயவைத்திருக்கிறதா, மேசையில் அமிலக் கறை புதிதாக இருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். ஹைடெக் ஆய்வகம் என்று கணினி அறை இருக்கும். "எங்களுக்கு வாரத்தில் எந்தப் பீரியட் அது?" என்று ஒரு மாணவியிடம் கேட்டால், கிழமையோடு பதில் வர வேண்டும்.

கழிப்பறையைக் கட்டாயம் பாருங்கள். ஆசிரியர்களுடையதை அல்ல, பிள்ளைகளுடையதை. தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, பெண்கள் பள்ளியில் நாப்கின் எரிக்கும் இயந்திரம் வேலை செய்கிறதா. காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்காரும் பெண் பிள்ளைகள் இந்த நகரத்தில் இன்னும் இருக்கிறார்கள். அப்படி உட்கார்ந்து யாரும் கால்குலஸ் படிக்க முடியாது.

கடைசியாக ஆசிரியர்கள். "உங்கள் பள்ளியில் முதுகலை ஆசிரியர் பணியிடம் எதெல்லாம் காலியாக இருக்கிறது?" என்று நேரடியாகக் கேளுங்கள். இயற்பியலும் கணிதமும் காலியாக இருந்தால் அறிவியல் குரூப்புக்கு அந்தப் பள்ளி வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை வைத்திருந்தால் அவர் எந்த மாதம் வந்தார் என்று கேளுங்கள். ஜூனில் வந்தவருக்கும் அக்டோபரில் வந்தவருக்கும் பாதிப் பாடப்புத்தகம் வித்தியாசம்.

தமிழ் வழியா, ஆங்கில வழியா?

2012-13-க்குப் பிறகு அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாக வந்துவிட்டன. சென்னையில் பெரிய பள்ளிகள் பலவற்றில் இரண்டும் இருக்கும். பாடத்திட்டம் ஒன்றே, புத்தகமும் ஒன்றே.

பிள்ளைக்கு எந்த மொழியில் படித்தால் புரிகிறதோ அந்த வழியில் சேருங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. ஆங்கில வழிப் பிரிவில் சேர்ந்து, ஆசிரியர் தமிழில் விளக்க, விடையை மட்டும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து எழுதும் நிலையில் நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு மொழியும் நிற்பதில்லை. நீட், தேசிய அளவிலான பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் இரண்டையும் தமிழிலேயே எழுதலாம். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20% முன்னுரிமை இருக்கிறது. 2020-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, அந்த வேலைக்குரிய கல்வித் தகுதி வரை எல்லா நிலையிலும் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். இடையில் இரண்டு ஆண்டு ஆங்கில வழிக்குப் போய் வந்தால் அது போய்விடும்.

பிளஸ் ஒன் குரூப்பைப் பார்த்துப் பள்ளியா, பள்ளியைப் பார்த்து குரூப்பா?

குரூப் முதலில். பொறியியல் கலந்தாய்வின் கட் ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பாதி கணிதம். ஆகவே பொறியியல் நினைப்பிருந்தால் பள்ளியின் புகழைவிட அங்குள்ள கணித ஆசிரியர் முக்கியம். பெரிய பள்ளியில் நீங்கள் கேட்ட குரூப் கிடைக்காமல் வேறு குரூப் தருகிறோம் என்றால், கேட்ட குரூப் இருக்கும் அடுத்த பள்ளிக்குப் போவதே நல்லது.

வணிகவியல் குரூப்பை மட்டமாக நினைக்காதீர்கள். கணக்குப்பதிவியலில் நல்ல ஆசிரியர் இருக்கும் அரசுப் பள்ளிகளிலிருந்து சென்னையின் நல்ல பி.காம். வகுப்புகளுக்கு ஆண்டுதோறும் பிள்ளைகள் போகிறார்கள்.

பிளஸ் ஒன்னுக்கு 2017-18-இல் வந்த பொதுத் தேர்வு 2025-26 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிக் குதித்துப் பன்னிரண்டுக்குப் போகும் பழைய பழக்கம் மீண்டும் தலைதூக்கலாம். நீட் தேர்வில் இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் கேள்வி வரும். "பிளஸ் ஒன் பாடத்தை எந்த மாதம் முடிப்பீர்கள்?" என்று கேட்டுவையுங்கள்.

பத்து வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டான். இப்போது அரசுப் பள்ளிக்கு மாற்றுவதில் பயன் உண்டா?

கட்டணச் சுமை போய்விடும். அதுவே பல குடும்பங்களுக்குப் போதுமான காரணம். பொதுக் கலந்தாய்வு எப்போதும்போல் திறந்திருக்கிறது, சாதிவாரி இடஒதுக்கீடும் மாறாது. 7.5 சதவீதம், மாதம் 1,000 ரூபாய் இவற்றை மட்டும் எதிர்பார்த்து வராதீர்கள்.

பழைய பள்ளியில் கட்டணப் பாக்கி இருக்கிறது. டிசி தர மறுக்கிறார்கள். என்ன செய்வது?

பயந்து பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். எட்டாம் வகுப்பு வரை, டிசி தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவியாக டிசியைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. தலைமை ஆசிரியரிடம் நிலைமையை எழுத்தில் கொடுங்கள். நகரவில்லை என்றால் 14417 என்ற கல்வி உதவி எண்ணுக்கு அழையுங்கள், மாவட்டக் கல்வி அலுவலகத்திலும் மனு கொடுங்கள். இந்தப் பிரச்சினையோடு வரும் அம்மாக்கள் அவமானத்தில் பாதிக் குரலில்தான் பேசுகிறார்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, நிமிர்ந்தே கேளுங்கள்.

மாதிரிப் பள்ளியில் நேரடியாகச் சேர முடியுமா?

மாவட்டத்துக்கு ஒன்றாக இருக்கும் உண்டு உறைவிட மாதிரிப் பள்ளிகளுக்கு அரசுப் பள்ளிகளிலிருந்தே மாணவர்களைத் தேர்வு செய்கிறார்கள். ஐஐடி வரை பிள்ளைகளை அனுப்பியிருக்கும் பள்ளிகள் இவை. இதற்கும் பிள்ளை முன்பே அரசுப் பள்ளியில் இருக்க வேண்டும். இப்போதைய பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் "எங்கள் பிள்ளை பெயரைச் சேர்த்துவிடுங்கள்" என்று சொல்லிவையுங்கள். விடுதியில் தங்கப் பிள்ளைக்கு விருப்பமா என்று அதற்கு முன் பிள்ளையிடம் கேளுங்கள்.

வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம்?

பஸ் பாஸ் இலவசம் என்பதால் பலர் தூரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. பிளஸ் டூவில் காலையும் மாலையும் சிறப்பு வகுப்பு இருக்கும். மாலை ஆறரைக்குப் பள்ளியைவிட்டுக் கிளம்பி, நிரம்பி வழியும் பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம் நின்று வரும் பிள்ளை சாப்பிட்டுத் தூங்கத்தான் செய்யும். ஒரு வழிக்கு நாற்பது நிமிடத்துக்குள் இருக்கும் நல்ல பள்ளி, தொலைவில் இருக்கும் மிக நல்ல பள்ளியைவிட மேல்.

சேர்த்த பிறகு பள்ளி சரியில்லை என்று தெரிந்தால்?

முதலில் வகுப்பாசிரியர், அப்புறம் தலைமை ஆசிரியர். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள், தலைவரும் ஒரு பெற்றோர்தான். அந்தக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். ஆசிரியர் பணியிடம் காலி, தண்ணீர்க் குழாய் ரிப்பேர், கழிப்பறைக் கதவு இல்லை என்று எதுவானாலும் தீர்மானமாக எழுதவைத்தால்தான் மேலே போகும்.

அப்படியும் சரிவரவில்லை என்றால் பத்தாம் வகுப்புக்குள் மாற்றிவிடுங்கள். ஓர் அரசுப் பள்ளியிலிருந்து இன்னொரு அரசுப் பள்ளிக்கோ மாநகராட்சிப் பள்ளிக்கோ மாறினால் சலுகை எதுவும் போகாது. பிளஸ் ஒன் தொடங்கிய பிறகு மாறுவது கடினம், அதே குரூப் அங்கே இருக்க வேண்டும். எப்போது மாறினாலும் கிளம்பும் அன்றே, எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை, எந்த வழியில் படித்தார் என்று குறிப்பிட்ட படிப்புச் சான்றிதழை பழைய பள்ளியில் வாங்கிவிடுங்கள். கலந்தாய்வு விண்ணப்பத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு ஆண்டுக்கும் கேட்பார்கள்.